குறட்டை வழக்கு

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நடுவில் ஒரு பகுதி என் மனைவி சிவகாமி சொல்லிக் கேட்டது.

சட்டக் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வை அப்போது எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசி வருட மாணவர்கள் சொந்த வீட்டுச் சண்டை ஒன்றை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தோற்றவர்தான் மதிப்பெண் போடுவார். எதிர்வீட்டுப் பையன் தன் சித்தப்பாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பட்டம் கிடைக்காமல் மாவு மில் நடத்துகிறான்.

எங்கள் மகள் கயற்கண்ணி எடுத்துக்கொண்டது என் குறட்டையை.

“இந்த மனுஷன் இனிமே ஹால்லதான் படுக்கணும், கனம் கோர்ட்டார் அவர்களே,” என்றாள் சிவகாமி.

“நான் குறட்டையே விடுறதில்லை. விடுறேன்னு சொல்றவங்க நிரூபிக்கட்டும்,” என்றேன்.

சிவகாமி தன் தூக்கம் கெட்ட கதையைக் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

சிவகாமி என்னை உலுக்கப் போனாளாம். கயல் தடுத்தாளாம். “சும்மா இரும்மா. அப்பா சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கும்போது குறுக்கிடக் கூடாது.”

நான் விழித்தபோது தீர்ப்பு வந்திருந்தது. எனக்கு ஹால். கயல் மதிப்பெண் தாளை நீட்டிவிட்டு நகம் கடித்தபடி நின்றாள். பூஜ்யம் போட எனக்கு உரிமை இருந்தது, கோபமும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன்.

“அப்பா, மறுபடி தூங்கிட்டீங்களா?” என்றாள் மெதுவாக.

சிரிப்பு வந்துவிட்டது. நூறு போட்டேன்.

கயல் இப்போது மதுரையில் வக்கீல். சிவகாமி நன்றாகத் தூங்குகிறாள். அவள் குறட்டை கதவைத் தாண்டிக் கேட்கிறது. நான் ஹாலில் விழித்துக் கிடக்கிறேன். மேல்முறையீட்டை விசாரிக்க வீட்டில் வேறு சட்ட மாணவர் இல்லை.