வாசல் வெளிச்சம்

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய வந்து பாத்துடுங்க" என்றாள் கடையில் துணி எடுத்துக் காட்டும் அன்புக்கரசி, மூன்றாவது தடவையாக.

சோஃபியாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தி.நகர் மேட்சிங் கடைக்குள் வந்து முக்கால் மணி நேரம். தோளில் நாற்பத்தைந்து நாள் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஞானஸ்நானம். பன்னிரண்டு மணிக்குள் பிட் வந்தால்தான் ப்ளவுஸ், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்று டெய்லர் சொல்லிவிட்டார்.

சந்தனக் கலர் புடவைக்குச் சந்தனக் கலர் பிட். இரண்டும் அச்சு அசலாகத்தான் இருந்தன.

"இதுவே சரியாத்தானே இருக்கு? பில் போடுங்க."

"டியூப்லைட்டை நம்பாதீங்கக்கா. வெயில்ல ஏழு கலரும் கீது. இதுல ரெண்டு மூணுதான் தூக்கலா கீது. மஞ்சளைச் சுத்தமா அமுக்கிடும். வெளிய போனாத்தான் குட்டு உடையும்."

இவ்வளவும் சொன்னவள் பிட்டைப் பார்த்தாளா? இல்லை. கண்ணெல்லாம் குழந்தை மேலேயே. போதாக்குறைக்கு வெள்ளை பிட் ஒன்றை உருவி, அதன் கன்னத்தோரம் வைத்து வேறு பார்த்தாள்.

"கடைத்துணியை எதுக்குங்க பாப்பா மேல வைக்கிறீங்க?"

சோஃபியா துண்டை இழுத்துப் போர்த்தினாள். கண்ணு வைக்கிறாளோ? வெயில் படாமல், காற்று படாமல், ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட் வெளிச்சத்திலேயே பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. முதன்முதலாக வெளியே தூக்கி வந்தால் இப்படியா ஒருத்தி முழுங்குகிற மாதிரி பார்ப்பாள்?

கல்லாவிலிருந்து முதலாளி கூப்பிட்டார். "இன்னா அன்பு, ஒரு பிட்டுக்கு இவ்ளோ நேரமா? கஸ்டமர் நிக்கிறாங்க பாரு."

"தோ வந்துட்டேன் சார்" என்றவள், புடவையையும் பிட்டையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். புடவை போனால் பின்னால் போகத்தானே வேண்டும்? சோஃபியாவும் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வாசலில் பளீரென்று வெயில். அன்புக்கரசி துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தையின் துண்டை மெல்ல விலக்கி, வெயில் முகத்தில் அடிக்காமல் உள்ளங்கையால் மறைத்தாள். அது சிணுங்கிக்கொண்டே கண்ணைத் திறந்தது.

"இப்பவாவது சொல்லுங்க. சேருதா, இல்லையா?" சோஃபியாவின் குரல் உயர்ந்துவிட்டது.

"துணி உள்ளயே சேந்துடுச்சுக்கா. பாப்பாவைத்தான் வெயில்ல பாக்கணும்னு இட்டாந்தேன். கண்ணுல வெள்ளையா இருக்கவேண்டிய எடம் மஞ்சளா கீது, பாருங்க."

சோஃபியா குனிந்து பார்த்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா, ஆனா இப்பவே டாக்டர்கிட்ட தூக்கினு போங்க" என்றாள் அன்புக்கரசி. துண்டைத் திரும்பப் போர்த்திவிட்டாள். "எங்க அக்கா புள்ளைய நாங்க கடைசி வரைக்கும் டியூப்லைட்டுலயே பாத்துக்கினு இருந்துட்டோம்."