பெஞ்சின்மேல் விழுந்த துண்டு

பஸ் ஸ்டாண்டு இரும்பு பெஞ்சுக்கு ஒரே ஏக்கம். பஸ் வந்தால் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள். தன்மேல் உட்கார்ந்தவர்களோ சூடு தாங்காமல் துள்ளி எழுகிறார்கள்.

“என்னை யாருக்குமே பிடிக்கலையே,” என்று பக்கத்திலிருந்த புங்கங்கன்றிடம் புலம்பியது.

“வெயில் பண்ற வேலை அண்ணே. என்னைக் கொஞ்சம் வளர விடுங்க.”

அன்றைக்கே கன்றைக் கடிக்க ஓர் ஆடு பெஞ்சில் ஏறியது. ஏறிய வேகத்தில் கால் சுட்டு ஓடியேபோனது.

“பாத்தீங்களா, உங்க சூடும் உதவுது,” என்றது கன்று. பெஞ்சு முதன்முறையாகச் சிரித்தது.

நாலு கோடை போயிற்று. புங்கை குடையாய் விரிந்தது. ஒரு நடுமத்தியானம் கூடைக்காரம்மா ஒருத்தி ஓடிவந்து பெஞ்சின்மேல் துண்டை வீசினாள்: “இது எங்க இடம்.”

எதிரே காலி சீட்டுகளோடு பஸ் நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. நிழலைவிட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.