இறந்தவர் அறைக்கு ஓர் அம்புக்குறி

"அதைக் கழட்டச் சொல்லும்மா" என்றார் மீனாட்சிசுந்தரம்.

சுவரில் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்த வேல்பாண்டி மெஷினை நிறுத்திவிட்டு ஷாஜியாவைப் பார்த்தார்.

காரைக்குடியில் அந்த ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு மறுநாள் திறப்பு விழா. லோகோவில் தொடங்கி, வாசல் முதல் மொட்டை மாடி வரை வழிகாட்டும் பலகைகள் எல்லாமே ஷாஜியாவின் கைவண்ணம். ஒவ்வொன்றையும் நின்று பார்த்துப் பாராட்டிக்கொண்டே வந்த ட்ரஸ்ட் செயலாளர் மீனாட்சிசுந்தரம், வாசலுக்கு எதிரே கடைசியாக மாட்டும் இந்தப் பலகைக்கு முன்னால்தான் முகம் சுளித்தார்.

வெள்ளையில் கரும்பச்சை எழுத்து. இறந்தவர் அறை. பக்கத்தில் இடப்புறம் திரும்பிய அம்புக்குறி.

"நாளைக்குப் பெரிய மனுசங்கள்லாம் வாராக. உள்ளே நுழைஞ்சதும் கண்ணுல படுறது இதுவா? தேவைப்படுறவுக கேட்டுப் போய்க்கிருவாக."

"கேக்க மாட்டாக ஐயா" என்றாள் ஷாஜியா.

அவர் கோபக்காரர் இல்லை. நயமாகத்தான் பேசினார். இங்கிலீஷில் மட்டும் எழுதிவிடலாமே என்றார். வருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாத பலகை எதற்கு என்று அவள் கேட்டாள். சரி, மற்றப் பலகைகளைப் போல மேலே தூக்கி மாட்டலாமே, ஏன் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது என்றார்.

"அங்குட்டுப் போறவுக நிமிந்து பாத்து வரமாட்டாக."

மீனாட்சிசுந்தரம் அவளைத் தனியாக அழைத்துப் போய், ட்ரஸ்ட் பள்ளிக்கூடத்துக்கும் புதுசாகப் பலகைகள் வைக்கப்போவதைச் சொன்னார். அந்த வேலையும் அவளுக்கே என்று கமிட்டியில் பேச்சு இருக்கிறதாம். இந்த ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டால் போதுமாம்.

ஷாஜியா அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதன் சுவர்களில் தன் எழுத்து ஏற வேண்டும் என்பது, செக்காலை ரோட்டில் சின்னதாக டிசைன் கடை போட்ட நாளிலிருந்து அவளுக்கு ஆசை.

"பள்ளிக்கூடத்துக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கங்கய்யா. இது இருக்கட்டும்."

குரல் உயரவில்லை. ஆனால் அதற்குமேல் பேச அதில் இடமும் இல்லை.

"உங்க இஷ்டம்" என்றார் அவர். கமிட்டியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவதாகச் சொல்லி, செருப்புச் சத்தம் கேட்க நடந்து போனார்.

ஷாஜியா திரும்பி வந்தாள்.

"முடுக்குங்கண்ணே."

வேல்பாண்டி நாலு மூலையிலும் ஸ்க்ரூவை முடுக்கினார். அவள் தள்ளி நின்று பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு வாசலில் இருந்து நடந்து வந்து பார்த்தாள். எழுத்து கண்ணில் பட்டது.

"ஒரு அம்புக்குறிக்கு இம்புட்டுப் பிடிவாதமாம்மா?" என்று கேட்டார் வேல்பாண்டி, பையில் சாமான்களை எடுத்து வைத்தபடி.

அவள் துப்பட்டா முனையால் பலகையின் தூசியைத் துடைத்தாள்.

போன ரமலானில் அவள் தம்பி முஜிபுர் ரகுமான் பைக்கில் போகும்போது லாரி மோதிவிட்டது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன் வந்தது. உயிர் போய்விட்டதைப் போனிலேயே சொல்லிவிட்டார்கள். அத்தாவிடம், மகனுக்கு அடிபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தனியாகப் போனாள்.

அங்கே எக்ஸ்ரேவுக்கு அம்புக்குறி இருந்தது. பிரசவ வார்டுக்கு இருந்தது. கேண்டீனுக்குக்கூட இருந்தது.

எங்கே போகணும் என்று வாசலில் ஒருவர் கேட்டார். வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால், பக்கத்தில் இருந்த மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. அவள் முறை வந்ததும், உள்ளே இருந்தவர் கையை நீட்டிச் சீட்டைக் கேட்டார்.

அவள் மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.