மாப்பிள்ளை மேல் ஒரு புகார்

"கேஸே போடுங்க சார். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்றார் தையல்காரர்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். வனவிலங்குத் துறையில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவர். கேஸ் போடாதீங்க என்று காலில் விழுந்தவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார். போடச் சொல்லி அடம்பிடிக்கிற ஆள் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறார்.

பீரோவின் மேலே, மஞ்சள் பல்புக்கு அடியில், நாலரை அடி நீளத்துக்கு ஒரு வெளிநாட்டு ஓணான் படுத்திருந்தது. பெயர் மாப்பிள்ளையாம். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் கிடப்பதால் தையல்காரர் வைத்த பெயர். வீட்டுக்குள் அதிகாரி வந்திருக்கிறாரே என்று அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பெரியவரே, இந்த மாதிரி பிராணி வெச்சிருக்கிறவங்க ஆறு மாசத்துக்குள்ள பதிவு பண்ணணும்னு சட்டம் வந்துச்சு. நீங்க பண்ணலை."

"பண்ணலைதான்."

"ஏன்?"

"பதிவு பண்ணா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொன்னாங்க."

"அப்படி இருந்தவரு இப்போ தூக்கிட்டுப் போங்கன்றீங்க."

"ஆமா. இன்னைக்கே."

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் வந்தது. வயசான மனுஷர், தனியாக இருக்கிறார், போனால் போகிறது என்றுதான் அவர் பையிலிருந்து அந்த நீலப் படிவத்தை எடுத்தார். எல்லாருக்கும் எடுக்க மாட்டார்.

"இதுக்குப் பேர் ஒப்படைப்புப் படிவம். நீங்களா மனசார ஒப்படைக்கிறதா ஒரு கையெழுத்து. கேஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. காப்பகத்துல இடம் காலியாகி உங்க முறை வரும்போது வண்டி அனுப்புவோம். அதுவரைக்கும் உங்க மாப்பிள்ளை உங்க வீட்டுலயே இருக்கட்டும். போதுமா?"

"வேண்டாம் சார். பறிமுதல்னே எழுதுங்க."

வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். புகார் செய்த புண்ணியவதி இவர்தான் என்று இன்ஸ்பெக்டர் வந்தவுடனேயே முடிவு கட்டியிருந்தார்.

"எட்டு வருஷம் பெத்த புள்ளை மாதிரி வளர்த்தாரு சார். இப்போ இங்கேயே இருக்கட்டும்னு நீங்க சொல்றீங்க, அவர் தள்ளி விடப் பார்க்கிறாரு. என்ன கல்மனசோ" என்றார் அந்த அம்மாள்.

தையல்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "பறிமுதல் பண்ணினா எங்கே சார் வெச்சிருப்பீங்க?"

"நேரா காப்பகத்துக்குத்தான். அதுக்கு முறை வர்ற வரைக்கும் காத்திருக்கிறதெல்லாம் கிடையாது. கேஸ்ல சிக்கின பிராணியைக் கோர்ட் எப்போ கேட்டாலும் உயிரோட காட்டணும். அதுக்கு ஒரு கீறல் விழுந்தா என் வேலை போயிடும்."

"டாக்டர் வந்து பார்ப்பாரா?"

"வாரா வாரம் பார்த்து எழுதி வைக்கணும். எங்க தலையெழுத்து."

"கேஸ் எத்தனை நாள் நடக்கும்?"

"ஏழெட்டு வருஷம் இழுக்கும். உங்க பக்கம் தீர்ப்பானாலும் அது திரும்ப வராது, பதிவு இல்லையே. கடைசி வரைக்கும் காப்பகம்தான். நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன். எங்கே கையெழுத்துப் போடணும்?"

வம்பை விலை கொடுத்து வாங்குகிறவருக்கு யார் என்ன சொல்ல முடியும். இன்ஸ்பெக்டர் வெள்ளைப் படிவத்தை எடுத்து 'பறிமுதல்' என்று அழுத்தி எழுதினார். தையல்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டிரைவர் கூண்டோடு வந்தார். தையல்காரர் ஸ்டூல் மேல் ஏறி, ஓணானைத் தானே இறக்கிக் கூண்டுக்குள் விட்டார். தடவிக் கொடுக்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"கீரையைப் பொடியா நறுக்கிப் போடச் சொல்லுங்க. பெருசா இருந்தா திங்க மாட்டான்" என்றார். அவ்வளவுதான். கூண்டு படி இறங்கிப் போனது. எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புகார் செய்தவர் அழுவதாவது என்று இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று புகார்தாரருக்கு அங்கிருந்தே போன் செய்து சொல்ல வேண்டும். யார் புகார் செய்தார் என்பது வெளியே தெரியக் கூடாது. அதனால் அவர் மாடிப்படி ஓரமாக ஒதுங்கி நின்று, கோப்பில் பெயர் இல்லாமல் குறித்திருந்த எண்ணை அழுத்தினார்.

தையல்காரரின் வீட்டுக்குள் மணி அடித்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். தையல் மெஷின் மேலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தையல்காரர் வாசலுக்கு வந்தார்.

"நான்தான் சார்" என்றார் போனில்.

இரண்டு பேருக்கும் நடுவே ஆறு அடி தூரம்கூட இல்லை. இருந்தும் இன்ஸ்பெக்டர் போனிலேயே கேட்டார்.

"உங்க மேல நீங்களே புகார் கொடுத்தீங்களா?"

"போன மாசமே அந்த நீலப் படிவத்தை நிரப்பிக்கிட்டு உங்க ஆபீஸுக்கு வந்தேன் சார். வண்டி வர ஒண்ணரை வருஷம் ஆகும்னு கவுன்ட்டர்ல சொன்னாங்க."

"அதுவரைக்கும் கூட வெச்சுக்கிட்டிருக்கலாமே பெரியவரே. உங்களுக்கும் ஒரு துணையா இருந்திருக்குமே."

"டாக்டர் எனக்கு மூணு மாசம்தான் சொல்லியிருக்கார் சார்."