குழாய்

பாம்பு என்பதே இல்லாத ஒரு தீவுக்கு மைனாக் குடும்பம் ஒன்று பிழைக்கப் போனது. போன அன்றே, தோட்டத்தில் கிடந்த பச்சை ரப்பர் குழாயைப் பார்த்துத் தாய் மைனா அலறியது.

"பயப்படாதீங்க, அது செடிக்குத் தண்ணி விடுற குழாய்" என்றது உள்ளூர்ப் புறா.

நாளடைவில் பயம் விட்டுப்போனது. அங்கேயே பிறந்த குஞ்சு, தினமும் அந்தக் குழாய் மேல் நடந்து போய்த்தான் அதன் வாயில் சொட்டும் தண்ணீரைக் குடித்தது.

விடுமுறைக்குக் குடும்பம் சொந்த ஊர் வந்தது. "அங்கே ஒரு பயமும் கிடையாதுடி. பிள்ளையை எங்கே வேணும்னாலும் விடலாம்" என்று தாய் தன் தங்கையிடம் அளந்துகொண்டிருந்தது.

வேலியோரத்திலிருந்து குஞ்சு கூப்பிட்டது.

"அம்மா, இங்க வந்து பாரேன்! உங்க ஊர்க் குழாய்க்குக் கண்ணெல்லாம் இருக்கு!"