மூலையில் ஓடிய எண்

எங்கள் பேரீச்சம்பழக் குளிர்கிடங்கின் அமோனியாத் தொட்டிக்குப் புதுத் திரை செய்தவன் என் தங்கை புருஷன் ஷாகிர். விண்வெளிப் படங்களில் வருவதுபோல் கறுப்புத் திரை, நடுவே அழுத்தம் காட்டும் நீல வளையம். கீழ் மூலையில் ஓர் எண் தனியாக ஓடியது.

“இது எதுக்கு மாப்ள?”

“சும்மா அழகுக்கு மச்சான். எதோடயும் இணைக்கல.”

வளையம் பன்னிரண்டு காட்டியபோது மூலையில் பத்தொன்பது. தொட்டியடியில் நின்ற வேலையாள் ஹேதி பழைய அழுத்த முள்மானியைப் பார்த்து வாக்கிடாக்கியில் சொன்னான்: “பத்தொன்பதுண்ணே!” மறுநாள் மூலையில் இருபத்திரண்டு. ஹேதியும் அதையே சொன்னான்.

ஷாகிரிடம் சொன்னேன்.

“திங்கக்கிழமை திரைக்குத் திறப்புவிழா. வாயத் தொறந்து என் பொழப்பக் கெடுத்துடாத மச்சான். சரிபண்ணிடறேன், உன் தங்கச்சி மேல சத்தியம்.”

நம்பினேன். அவன் அந்த எண்ணை மட்டும் எடுத்துவிட்டுப் போனான்.

இன்று மதியம் மின்சாரம் போனது. அணைந்த திரையில், அதே மூலையில், முப்பத்தொன்று ஒளிர்ந்தது. ஹேதியின் முள்மானியில் முப்பதுக்கு மேல் கோடே கிடையாது. கிடங்குச் சுவருக்கு அப்பால் எங்கள் எல்லாருடைய வீடுகளும் இருக்கின்றன.

ஷாகிர் போனை எடுக்கவில்லை. தங்கை எடுத்தாள்.

“நாங்க ஊரவிட்டு ஸ்ஃபாக்ஸ் வந்துட்டோம்ண்ணா. காலையிலயே பிள்ளைங்களோட கிளப்பிட்டாரு. ஒங்கிட்ட சொல்லிட்டேன்னாரே?”