உருகுநிலை

தாட்சாயணி தன் முதல் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் நெறியாளர், பக்கத்து ஆய்வகத்துக்காரர், கூடவே வேலை செய்யும் பியூலா என்று மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தாள். யாரையும் நம்பித் தரவில்லை. புதிய சேர்மத்தின் உருகுநிலையை ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு விதமாகத் தப்பாகப் போட்டிருந்தாள். களவாடுகிறவர் அந்தத் தப்போடு மாட்டட்டும். சரியான எண் பூட்டிய இழுப்பறையில், அவளுடைய குறிப்பேட்டில் இருந்தது.

மூவரும் காற்புள்ளிகளைத் திருத்திக் கொடுத்தார்கள்.

மறு மாதம் முன்பின் தெரியாத ஒருவர் அதே சேர்மத்தைப் பற்றி இணையத்தில் கட்டுரை ஏற்றியிருந்தார். பதறிப்போய் அட்டவணையைத் தேடினாள். 147 டிகிரி, குறிப்பேட்டில் இருந்த அதே எண். அவள் போட்ட தப்பு எதுவும் இல்லை. அவரே அளந்திருப்பார் என்று மூச்சு விட்டாள்.

பியூலா பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

“பரவாயில்லையே, சரியாத்தான் அளந்திருக்காங்க.”

பியூலாவின் பிரதியில் 139 என்றுதான் இருந்தது.